முப்பத்தோராவது வரி

மேற்குத் தாம்பரம்
14-3-1968

அசரியா,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உதவித்தொகை வாரியத்திலிருந்து எனக்குப் பதில் வந்துவிட்டது. எம்.ஃபார்ம் படிக்க நான் போட்ட விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாதாம். ஃபார்மஸி என்ற பாடம் பட்டியலில் இல்லையாம். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு இரண்டு வரி.

அதுகூடப் பரவாயில்லை. காகிதத்தின் அடியில் இடது ஓரத்தில் டைப் அடித்தவரின் இனிஷியல் பொடியாக இருக்குமே, அதைப் பார்த்தேன். டி.ஏ. தாவீது அசரியா. என் தம்பி. சுத்தமாக அடித்திருக்கிறாய். ஒரு அழிப்பு இல்லை, மார்ஜின் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ரயில்வே கேட் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் உன்னைச் சேர்த்துவிட்டது வீண் போகவில்லை.

டெல்லிக் கவரைப் பார்த்ததும் அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். “தம்பி லெட்டரா?” என்றாள். “ஆமாம்மா, தம்பி அடிச்ச லெட்டர்தான்” என்றேன். “என்னடி எழுதியிருக்கான்?” “நல்லா இருக்கானாம்.” வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

உனக்கே தெரியும், இது எனக்குக் கடைசி வருஷம். ஜூலை முதல் தேதியில் முப்பது வயது தாண்டியிருக்கக் கூடாது என்பது உங்கள் விதி. அடுத்த வருஷம் அந்தத் தேதியில் எனக்கு முப்பது முடிந்து இருபது நாள் ஆகியிருக்கும். இருபது நாளுக்காக உங்கள் ஆபீஸ் கதவைத் திறக்கப்போகிறதா?

பல்லாவரம் ஆஸ்பத்திரியில் நான் இன்னும் ‘கம்பவுண்டரம்மா’தான். பி.ஃபார்ம் என்று சொன்னால், “அது நர்சுக்கு மேலயா கீழயா?” என்கிறார்கள். போன வாரம் அஞ்சம்மாள் வந்தாள், கல்லுடைக்கப் போகிறவள், வருஷக்கணக்காய் இருமல். நம் வீட்டு வேலியில் நிற்கிற ஆடாதோடை இலையில் நானே காய்ச்சிக் கொடுக்கிற மருந்துதான் அவளுக்குக் கேட்கும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இன்னாம்மா, போன தபா குடுத்தது நெஞ்சைப் பிடிச்சு இழுத்து வுட்ட மாதிரி இருந்துச்சு. இந்த தபா வெறுந்தண்ணியா கீது” என்றாள். அவள் சொன்னது சரி. அதே வேலி, அதே இலை, அதே அளவு, அதே கை. மார்கழியில் பறித்தது வேலை செய்கிறது, மாசியில் பறித்தது ஏமாற்றுகிறது. இலைக்குள் என்ன நடக்கிறது? எந்த மாசம் எவ்வளவு சத்து? அதை அளந்து பார்க்கிற படிப்புக்குத்தானடா நான் கேட்டேன்.

பெயரைப் பார்த்தாயா, பார்க்காமலே அடித்தாயா? அதை மட்டும் சொல்.

ஞானஜோதி


கரோல் பாக், புது டெல்லி
25-3-1968

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்துத்தான் அடித்தேன். பொய் சொல்லவில்லை.

அந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்தபோது பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். அக்காவுக்குப் போகிற கடிதத்தை இன்னொருத்தன் அடிக்கவேண்டாம், தப்பில்லாமலாவது போகட்டும் என்று நானே அடித்தேன். அது உனக்குக் குத்தும் என்று தோன்றவில்லை. எனக்கு அவ்வளவுதான் மூளை என்று வைத்துக்கொள்.

மற்றபடி நான் என்ன செய்ய முடியும்? நான் முடிவெடுக்கிற ஆள் இல்லை. பட்டியலில் முப்பது பாடம் இருக்கிறது. சுரங்கம் இருக்கிறது, தோல் பதனிடுதல் இருக்கிறது, கண்ணாடி செய்வதுகூட இருக்கிறது. உன் பாடம் இல்லை. இல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவருவது? எங்கள் பிரிவு அதிகாரி தோத்தாத்ரி சார் நம் ஊர்ப் பக்கம்தான், நங்கநல்லூர். கண்டிப்பான மனுஷன். அவரிடம் போய் “என் அக்கா” என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. அசிஸ்டென்ட் பரீட்சை பாஸ் செய்து உத்தரவுக்குக் காத்திருக்கிறேன். இந்தச் சமயத்தில் சிபாரிசு என்று பெயர் வாங்கவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் அறுக்கிறது. உன் விண்ணப்பம் வந்தபோது ஒருத்தர் கேட்டார், “ஃபார்மஸி என்றால் மருந்துக்கடைதானே, அதற்கு எதற்கு மேல்படிப்பு?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இருபதாம் தேதி மணியார்டர் அனுப்பினேன்.

அசரியா


மேற்குத் தாம்பரம்
6-4-1968

அசரியா,

நீ சிரித்ததை எழுதினாயே, அதற்காக உன்னை மன்னிக்கலாம். சிரித்துவிட்டு எழுதாமல் இருக்கிற ஜாதி நிறைய.

ஆனால் ஒரு விஷயம் கணக்கில் உதைக்கிறது. எனக்கு ஒரு வருஷம் சீனியர் வைத்தீஸ்வரன் என்று ஒருத்தர், உயரமாக, எப்போதும் ஜலதோஷத்தோடு இருப்பார். அவர் பி.ஃபார்ம் முடித்து வடக்கே போய் எம்.ஃபார்ம் படித்தார். 1960இல். அது இதே உதவித்தொகை, இதே வாரியம். அவருக்கு ஆணை வந்த அன்று லேபில் எல்லாருக்கும் மைசூர் பாகு கொடுத்தார். அப்பா போகாமல் இருந்திருந்தால் மறு வருஷமே நானும் விண்ணப்பித்திருப்பேன். அப்பா போனார், நான் வேலைக்குப் போனேன், நீ டெல்லிக்குப் போனாய்.

பட்டியலில் இல்லாத பாடத்துக்கு வைத்தீஸ்வரனுக்கு எப்படிக் கொடுத்தார்கள்? மைசூர் பாகு நான் தின்றேன், அது கனவில்லை. அப்போது இருந்தது இப்போது இல்லை என்றால், யாரோ எடுத்திருக்கவேண்டும். யார், எந்த உத்தரவில், என்ன காரணம் சொல்லி என்று பழைய ஃபைலைப் பார். எனக்கு உதவித்தொகை வாங்கித்தரச் சொல்லவில்லை. எந்த மகராசன் எங்களை வேண்டாம் என்று சொன்னான் என்று தெரிந்தால், பெயரைச் சொல்லித் திட்டவாவது ஒரு ஆள் கிடைக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். மணியார்டர் வந்தது.

ஞானஜோதி


கரோல் பாக்
19-5-1968

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவது தடவை எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் இல்லாதபோது படி.

பழைய ஃபைல்கள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் போய்த் தேடினேன். போன புதன்கிழமை 1962ஆம் வருஷத்து ஃபைல் கிடைத்தது. அதில் அந்த வருஷத்துப் பட்டியலின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது, அதிகாரிகள் எல்லாரும் பச்சை மையில் ஒப்புதல் கொடுத்தது. அதில் முப்பத்தொரு பாடம். முப்பத்தொன்றாவது ஃபார்மஸி. யாரும் எடுக்கவில்லை அக்கா. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பின்னால் அச்சான பிரதி வைத்துத் தைத்திருந்தது. அதில் முப்பதுதான். அடியில் இடது ஓரத்தில் டி.ஏ.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்த நவம்பர். காகிதத்தை மிச்சம் பிடி, ஸ்டென்சிலை மிச்சம் பிடி என்று தினம் ஒரு சுற்றறிக்கை. ஸ்டென்சில் என்றால் மெழுகுத் தாள். அதில் அடித்து உருளையில் சுற்றினால் நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கலாம். முதல் தாளில் முப்பது வரி கொண்டது. முப்பத்தொன்றாவதை அடுத்த தாளின் தலையில் அடிக்கவேண்டும். தாளை உருவினேன், புதுத்தாளைச் சொருகினேன், நேரே தேதிக்கும் கையெழுத்துக்கும் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தாளை எடுத்து ஒரு தாளைப் போடுகிற நேரம். அன்றைக்கு என் வேகத்தைப் பார்த்துவிட்டு ஹெட் கிளார்க் தட்டிக்கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். எந்த வருஷத்துப் பட்டியலையும் மூலத்தைப் பார்த்து அடிப்பதில்லை, போன வருஷத்து அச்சுப் பிரதியைப் பார்த்துத்தான் அடிப்பது. அறுபத்துமூன்று அறுபத்திரண்டைப் பார்த்து, அறுபத்துநாலு அறுபத்துமூன்றைப் பார்த்து. ஆறு வருஷம். முக்கால்வாசியை நானே அடித்தேன்.

அந்த இருட்டு அறையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தியா முழுக்க ஒரு படிப்பு படித்தவர்களை ஒருத்தன் ஆறு வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறான். அவனுக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் இல்லை, அவனுக்கு அதிகாரமும் இல்லை, அவன் ஒரு டைப்பிஸ்ட். நீ திட்டவாவது ஒரு பெயர் கேட்டாயே, கொடுத்துவிட்டேன்.

இனி செய்யக்கூடியது இரண்டு. அக்டோபரில் அடுத்த வருஷத்துப் பட்டியல் அடிக்க என்னிடம்தான் வரும். பேசாமல் முப்பத்தொன்று அடித்துவிட்டால் ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள். பாடம் திரும்பி வந்துவிடும். ஆனால் உனக்கு வயது போயிருக்கும். இன்னொன்று, எழுதிக்கொடுப்பது. வாரியத்தின் பிழையால் வாய்ப்பு இழந்தவர்களுக்கு வயதைத் தளர்த்த விதியில் இடமிருக்கிறது, நானே படித்தேன். ஆனால் பிழை எப்போது நடந்தது, யார் செய்தது என்று எழுத்தில் பதிவாகியிருக்கவேண்டும். பதிவானால் என் பிரமோஷன் போகும். வேலைகூடப் போகலாம், தெரியவில்லை.

நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

அசரியா


மேற்குத் தாம்பரம்
11-6-1968

தம்பி,

மூன்று வாரம் எழுதாததற்குக் காரணம் கேட்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி விட்டு வரும்போது ரயிலில் படித்தேன். தாம்பரத்தோடு நிற்கிற வண்டி. எல்லாரும் இறங்கிப் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். பெருக்குகிற அம்மாள் வந்து, “ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று தோளைத் தொட்டாள். அப்போதுதான் அழுகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன், ஆடாதோடை வேலிக்குப் பக்கத்தில் நின்று. அம்மா, “யார்கிட்டடி பேசுறே?” என்றாள். ஆடு மேய்ந்துவிட்டது என்றேன். ஆடாதோடையை எந்த ஆடு மேயும்? அம்மா நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருநீர்மலைப் பக்கம் போனேன். அடிவாரத்தில் ஆடாதோடை காடாக நிற்கிறது, இலை பறிக்கத்தான் போனேன். ஏன் என்று தெரியாமல் மலை ஏறிவிட்டேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி என் கையிலிருந்த பைபிளையும் இலைப் பையையும் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், தண்டவாளம், ஏரி, எல்லாம் தெரிகிறது. அங்கங்கே ஆஸ்பத்திரிக் கூரை. ஒவ்வொரு கூரைக்கும் அடியில் மருந்து கொடுக்கிற ஜன்னல் ஒன்று இருக்குமே, அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்குமே என்று நினைத்தேன். இங்கேயே இத்தனை என்றால் நாடு முழுக்க எத்தனை ஜன்னல்? அதில் எத்தனை பேர் என்னைப் போல ஒரு இலையையோ வேரையோ கையில் வைத்துக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? அவர்கள் எல்லாரும் தங்களைத்தான் யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், பிறகு பயமாக இருந்தது.

இன்றைக்கு எனக்கு இருபத்தொன்பது முடிந்தது. அம்மா பாயசம் வைத்தாள்.

நான் சொல்வதைக் கேள். நீ எழுதிக்கொடுக்கவேண்டாம். அக்டோபரில் அந்த வரியைச் சேர்த்துவிடு, அது போதும். என் வயது என்னோடு போகட்டும். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, உன் வேலையை வைத்துத்தான் அம்மா தெருவில் நிமிர்ந்து நடக்கிறாள். நான் உன்னை மன்னித்துவிட்டேன். இது வாய்வார்த்தை இல்லை.

ஆனால் இதை நான் என் ஒருத்திக்காகத்தான் சொல்ல முடியும். மற்ற ஜன்னல்காரர்களுக்காக மன்னிக்க எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அதையும் எழுதாவிட்டால் பொய் சொன்ன மாதிரி இருக்கும், அதனால் எழுதிவிட்டேன்.

அக்கா


மேற்குத் தாம்பரம்
9-12-1968

தம்பி,

ஆறு மாசமாக ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கார்டு போட்டுக்கொண்டிருந்த உன் குட்டு இன்றைக்கு வெளிப்பட்டுவிட்டது.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் வைத்திருப்போம். அதில் நேற்றைய பேப்பரும் கலந்துவிட்டது. அஞ்சம்மாளுக்கு மாத்திரை மடிக்க எடுத்தேன். உங்கள் வாரியத்தின் பெயர் கண்ணில் பட்டது. 1969ஆம் வருஷத்து உதவித்தொகை அறிவிப்பு. பாடங்கள், முப்பத்தொன்று. கீழே கட்டம் கட்டி, நான் மனப்பாடமே செய்துவிட்டேன்: ‘வாரியத்தில் நேர்ந்த பிழையால் 1962 முதல் பட்டியலிலிருந்து ஃபார்மஸி பாடம் விடுபட்டுப்போயிருந்தது. இதனால் வாய்ப்பிழந்த பட்டதாரிகளுக்கு வயது வரம்பில் ஆறு ஆண்டுகள் தளர்வு அளிக்கப்படுகிறது. வாரியம் வருந்துகிறது.’

வருந்துகிறது என்று ஒரு சர்க்கார் ஆபீஸ் பேப்பரில் போட்டு நான் பார்த்ததே இல்லை. திகைத்துப்போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கிறது. அஞ்சம்மாள், “இன்னாம்மா, பேப்பர்ல இன்னா போட்டுக்கீறான்?” என்றாள். என்னைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். “உன் பேரு வந்துக்கீதா? படி பாக்கலாம்” என்றாள். பேர் இல்லை அஞ்சம்மா, ஆனால் நான்தான் என்றேன். அவள் அந்தப் பேப்பரில் மாத்திரை மடிக்கவேண்டாம் என்று முந்தானையை விரித்து அதில் கொட்டிக்கொண்டு போனாள்.

நான் சொன்னதை ஒருநாளாவது கேட்டிருக்கிறாயாடா? வேண்டாம் என்று எழுதினேனே. கோபப்படலாம் என்றால் கோபமும் வரவில்லை. நீ சின்ன வயசில் காக்காய்க்குப் பயந்தவன். மொட்டைமாடிக்குத் தனியாகப் போகமாட்டாய். உனக்கு எங்கிருந்துடா இவ்வளவு தைரியம் வந்தது? எனக்கு நிஜமாகவே பிரமிப்பாக இருக்கிறது.

உன்னை என்ன செய்தார்கள்? மறைக்காமல் எழுது. வேலை போயிருந்தால் நேரே வீட்டுக்கு வா. நான் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

அக்கா


கரோல் பாக்
23-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை போகவில்லை. பிரமோஷன் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். டைப் மிஷினை விட்டு எழுப்பி, தபால் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வருகிற கவர்களைப் பிரித்து, முத்திரை குத்தி, நம்பர் போட்டு அந்தந்த மேஜைக்கு அனுப்பவேண்டும். ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய டைப் சத்தம் இல்லாமல் முதலில் காது அடைத்த மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ எழுதியிருந்த ‘மற்றவர்களுக்காக மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை’ என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. செப்டம்பரில் ஒருநாள் ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு காகிதத்தையும் இணைத்து, தோத்தாத்ரி சார் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு அந்த 1962ஆம் வருஷத்துப் பிரதியின் அடியில் விரலை வைத்தார். “உன் இனிஷியலுக்குப் பக்கத்திலே இன்னொரு இனிஷியல் இருக்கே, ஒப்பிட்டுப் பார்த்தவர்னு. அதை ஏன் நீ எழுதலை?” என்றார்.

அப்போது அவர்தான் ஹெட் கிளார்க். என்னைத் தட்டிக்கொடுத்தவர். மூலத்தையும் நகலையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர். எனக்கு அது தெரியும். அவர் ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கிறது, எதற்கு என்று விட்டுவிட்டேன். “உங்களைச் சொல்லணுமா சார்னு தோணிச்சு” என்று முனகினேன். அவர் பேனாவை எடுத்தார். என் கடிதத்துக்குக் கீழேயே எழுதினார். ‘ஒப்பிடாமலே ஒப்பிட்டதாகக் கையெழுத்திட்டவன் நான். பிழையில் பெரிய பங்கு என்னுடையது.’ எழுதி மேலே அனுப்பிவிட்டு, “போய்ச் சாப்பிடு, மணி ஒண்ணாச்சு” என்றார். அக்கா, அந்த மனுஷனைப் பார்த்து நான் ஆறு வருஷமாகப் பயந்திருக்கிறேன். அன்றைக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது, கும்பிடவும் தைரியமில்லை. என் வேலை தங்கியதே அந்த ஒரு வரியால்தான். அவருக்கும் ஏதோ கண்டனம் வந்தது. என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

ஜனவரியிலிருந்து கவர்கள் வர ஆரம்பித்தன. முதல் வாரம் ஃபார்மஸிக்காரர்கள் நாலு பேர். நாலே பேருக்காகவா இத்தனை என்றுகூட நினைத்துவிட்டேன். அடுத்த வாரம் முப்பது. பிறகு ஒருநாள் தபால்காரர் ஃபார்மஸிக்கு மட்டும் தனிச் சாக்கு கொண்டுவந்து மேஜைமேல் சாய்த்தார். நேற்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு. அசாம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர், வயது முப்பத்தைந்து, பாம்புக் கடிக்கு அங்கே கொடுக்கிற ஒரு வேரைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதி இணைத்திருக்கிறார். நாக்பூரில் ஒரு அம்மாள், இரண்டு குழந்தை, அவசரத்தில் குழந்தையின் வாய்ப்பாட்டு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியிருக்கிறார். ஒருவர் வேறு ஒன்றும் சொல்லாமல், ‘ஒவ்வொரு வருஷமும் பட்டியலைக் கடைசி வரிவரை படித்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாக் கவரையும் நான்தான் பிரிக்கிறேன். மலைமேலிருந்து நீ பார்த்த ஜன்னல்காரர்கள் எல்லாரும் என் மேஜைக்கு வந்துவிட்டார்கள் அக்கா. ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தண்டனை என்று நினைத்துத்தான் என்னை இங்கே உட்காரவைத்தார்கள்.

நூற்று நாற்பத்தேழாவது உன்னுடையது. அம்மாவின் கையெழுத்தில் விலாசம். அவள் எதற்கு எழுதினாள்? முத்திரை நேராக விழவேண்டும் என்று பழைய காகிதத்தில் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுக் குத்தினேன். இந்தத் தடவை உன் பெயரை நன்றாகப் பார்த்தேன்.

தேர்வுக்குழு வேறு ஊரில் கூடுகிறது. என் அக்கா என்று ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அசரியா


மேற்குத் தாம்பரம்
3-11-1969

என் தம்பிக்கு,

விலாசம் அம்மா ஏன் எழுதினாள் என்று பிப்ரவரியில் கேட்டாய், நான் சொல்லவே இல்லை. நான் மூன்று கவரில் தப்புத் தப்பாக எழுதிக் கிழித்துவிட்டேன். அதான்.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எம்.ஃபார்ம் சேர்ந்து காலேஜ் லேபில் நாலு மாசமாகப் படாத பாடு படுகிறேன். நம் வேலி இலையைக் காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, அம்மோனியாக் காரம் விட்டு, மறுபடி வடித்து, ஒவ்வொரு தடவையும் கிடைப்பது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பிசின். முன்னே ஆஸ்பத்திரியில் நானே முயன்றபோது கிடைத்ததும் இதேதான். மூக்கில் ஆடாதோடை நாற்றம் ஏறி, சோறு தின்றால்கூட அதே கசப்பு. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்காருகிறார்கள்.

சனிக்கிழமை சலித்துப்போய்க் கடைசிக் குடுவையை மூடி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மனசு கேட்காமல் ரயிலேறிப் போனேன். வாட்ச்மேன் சின்னப்பன் திறந்துவிட்டார். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஏதோ. லென்ஸில் பார்த்தால் அத்தனையும் ஊசி ஊசியாகப் படிகம். மெல்லிசு மெல்லிசாக, ஒரே அளவாக, கண்ணாடி மாதிரி. அந்தப் பச்சை இலைக்குள், அந்தக் கசப்புக்குள், இத்தனை நாள் இது ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. ஆடு மேயாத வேலி. அதன் பக்கத்தில் நின்றுதான் பல் விளக்கினோம், துணி காயப்போட்டோம், சண்டை போட்டோம். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், புத்தகத்தில் படம்கூட இருக்கிறது. அது அவர்கள் பார்த்தது. இது நம் வீட்டு வேலியில் நான் பார்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன் என்றால் சிரிக்காதே. சின்னப்பன், “யாரும்மா இருக்காங்க உள்ள?” என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சத்தம் போடாமல் நின்றார்.

இனிமேல் மாசாமாசம் பறித்து அளக்கவேண்டும். எந்த மாசத்து இலை அஞ்சம்மாளை ஏமாற்றுகிறது என்று ஒரு வருஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. ஜூலையில் எனக்கு வந்த ஆணையை இதுவரை உனக்குக் காட்டவில்லை. இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு. உன் அளவுக்குச் சுத்தமில்லை, இரண்டு இடத்தில் அழித்து அடித்திருக்கிறார்கள், மார்ஜின் கோணல். அடியில் இடது ஓரத்தில் வேறு யாருடைய இனிஷியலோ இருக்கிறது. ஜூலையிலிருந்து தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொன்ன காகிதத்தில் என் தம்பி இருந்தான், வா என்று சொன்ன காகிதத்தில் அவன் இல்லை என்றால் என்ன நியாயம்?

அதனால் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து, அந்த இனிஷியலுக்குப் பக்கத்தில் டி.ஏ. என்று நானே போட்டுவிட்டேன். சர்க்கார் காகிதத்தில் கை வைப்பது குற்றம் என்றால் எனக்கும் ஒரு மெமோ அனுப்பச் சொல்.

அக்கா